சுர்ரென்று ஒரு சரித்திரம்

"லேப்டாப்பைத் தொட்டா சுர்ருங்குதே, ஷாக்கா தம்பி?"

புனேவுக்கு வந்த இந்தப் பதினெட்டு வருஷத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். எனக்குச் சோறு போடுவது பவர் சப்ளை டெஸ்டிங் வேலை. அது தெரிந்த நாளிலிருந்து இங்கே நம் தமிழ்க் குடும்பங்களுக்கு நான் சம்பளமில்லாத எலக்ட்ரீஷியன். பொங்கல் விழாவில் தட்டோடு ஓரமாக ஒதுங்கி நின்றாலும் விடமாட்டார்கள். ஒருவர் வீட்டில் லேப்டாப் மூடி, இன்னொருவருக்கு சார்ஜில் போட்ட போன், மூன்றாமவருக்கு டிவியின் பின்பக்கம் கேபிள் சொருகும் இடம். சர்வீஸ் சென்டரில் கேட்டால் "நார்மல் சார்" என்று அனுப்பிவிடுகிறார்களாம். பக்கத்து வீட்டுக்காரர் "எர்த் இல்லை, உயிருக்கே ஆபத்து" என்கிறாராம். யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். எப்படி என்று சொல்ல நான் உங்களை ஒரு பாத்ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். 1874-ஆம் வருஷத்துப் பாத்ரூம்.

அமெரிக்காவில், சிகாகோ பக்கம், எலிஷா கிரே என்று ஒருவர். தந்திக் கருவிகள் செய்வதில் பெரிய கை. அவர் வீட்டில் ஓர் உறவுக்காரப் பையன், சின்னப் பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்ட பேட்டரியையும் இண்டக்ஷன் காயிலையும் வைத்து ஷாக் அடித்து விளையாடிக்கொண்டிருந்தான். (அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வீடியோ கேம் கிடையாது, பாவம்.) காயிலின் ஒரு வயர், குளியல் தொட்டியின் உள்ளே போட்டிருந்த துத்தநாகத் தகட்டில். இன்னொன்று அவன் கையில். காலியாக இருந்த மறுகையால் தொட்டியை வழித்துத் தேய்த்தபோது கைக்கு அடியிலிருந்து 'ங்ங்ங்' என்று ஒரு சத்தம். காயிலில் அதிரும் தகடு என்ன சுருதியில் அதிர்ந்ததோ, அதே சுருதி! வேகமாக, அழுத்தித் தேய்த்தால் சத்தம் கூடியது. கையை நிறுத்தினால் சத்தமும் நின்றது.

வேறு யாராக இருந்தாலும் பையன் முதுகில் ஒன்று போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். கிரே அங்கேயே உட்கார்ந்துவிட்டார். சுருதியை மாற்றிப் பார்த்தார், கைக்கடியில் வந்த சத்தமும் மாறியது. அங்கிருந்து தந்திக் கம்பியில் இசையை அனுப்பும் கருவிக்குப் போய், கடைசியில் 1876 பிப்ரவரி 14 அன்று கிரஹாம் பெல்லின் விண்ணப்பம் போன அதே நாளில் டெலிபோனுக்கான தன் காகிதத்தையும் காப்புரிமை அலுவலகத்தில் கொடுத்தார். யார் முதலில் என்ற சண்டை பெரிய கதை. நமக்கு இப்போது தொட்டிதான் முக்கியம். உங்கள் லேப்டாப் மூடியில் நீங்கள் உணர்கிற சுர்ர், அந்தத் தொட்டியில் கேட்ட 'ங்ங்ங்'தான்.

ஏறக்குறைய எண்பது வருஷம் கழித்து, 1953-ல், மாலின்க்ராட் என்ற அமெரிக்கர் தன் இரண்டு சகாக்களோடு ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் கவனித்தது ரொம்பச் சின்ன விஷயம். பித்தளை பல்ப் ஹோல்டரை விரலால் தடவினால், விளக்கு அணைந்திருக்கும்போது வழுவழுப்பாக இருக்கிறது, எரியும்போது கொஞ்சம் சொரசொரக்கிறது. இதற்கு அவர்கள் கண்டுபிடித்த காரணம் அழகானது. நம் தோலின் மேல்படலம் காய்ந்தது, மின்சாரத்தைச் சுலபமாக விடாது. அதன் அடியில் இருப்பது ஈரம், உப்பு, ரத்தம்; அது விடும். ஒரு பக்கம் உலோகம், நடுவில் காய்ந்த தோல், அந்தப் பக்கம் ஈரச் சதை. கெப்பாசிட்டர் தயார். அதில் மின்னழுத்தம் ஏறும்போதெல்லாம் உலோகம் தோலை லேசாகப் பிடித்து இழுக்கிறது, இறங்கும்போது விடுகிறது. பிளஸ்ஸானாலும் மைனஸானாலும் இழுப்புதான் என்பதால் நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் நொடிக்கு 100 தடவை. விரல் நகரும்போது இந்தப் பிடித்து விடுதல் அதிர்வாகத் தெரிகிறது.

இப்போது உங்கள் அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தடவினால் தெரியும், அழுத்தி வைத்தால் தெரியாது. கை ஈரமாக இருந்தால் அந்தச் சுர்ர் காணாமல் போகும். செருப்பைக் கழற்றிவிட்டு மார்பிள் தரையில் காலை வைத்தால் கூடும். நாற்காலியில் காலைத் தூக்கிச் சம்மணம் போட்டால் குறையும். வீட்டுக்காரரே விரலில் உணர்ந்து, மனைவி "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்று சொல்லி, அதில் ஒரு சண்டை வருவதும் இதனால்தான்.

சரி, லேப்டாப் மூடிக்கு அழுத்தம் எங்கிருந்து வருகிறது? மூடிக்குள் எந்த வயரும் அறுந்து தொட்டுக்கொண்டு இருக்கவில்லையே?

இதற்கும் ஒரு வரலாறு உண்டு. பழைய ரேடியோவுக்குள் கனத்த இரும்பு டிரான்ஸ்பார்மர் இருக்கும். கம்ப்யூட்டர்கள் வந்தபின் அதைத் தூக்கிப்போட்டு, கரண்டை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்பும் எஸ்.எம்.பி.எஸ். முறைக்கு மாறினார்கள். எடை குறைந்தது. ஆனால் அந்த வெட்டல் ரேடியோ அலையாக வெளியே கசிந்தது. கம்ப்யூட்டர்கள் அக்கம்பக்கத்து டிவி படத்தைக் கெடுக்கின்றன என்ற புகார்கள் வர, அமெரிக்காவின் எஃப்.சி.சி. 1979-ல் இவற்றுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. மற்ற நாடுகளிலும் விதிகள் உண்டு. இரைச்சலை அடக்க டிசைன் செய்பவர்கள் கையிலெடுத்த ஆயுதம், ஃபேஸிலிருந்து உலோக உடலுக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து உடலுக்கு ஒன்று என்று இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள். 'ஒய்' வகை என்று பெயர். இரண்டு கால் பிளக் உள்ள சார்ஜரில், கரண்டு வரும் பக்கத்துக்கும் போன் பக்கத்துக்கும் நடுவே இதே வகை ஒன்று உட்கார்ந்திருக்கும். கெட்டுப்போனாலும் ஷார்ட் ஆகக்கூடாது என்று தனிக் கவனத்தோடு செய்யப்படுகிற ஜாதி அது. ஆனால் ஐம்பது ரூபாய் சார்ஜரில் அந்த ஜாதியைத்தான் போட்டிருப்பார்கள் என்று நான் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டேன்.

உலோக உடல் எர்த்தில் சேர்ந்திருந்தால் கதை முடிந்தது, கசிவு மண்ணுக்குப் போய்விடும். சேராவிட்டால்? ஒரு கெப்பாசிட்டர் 230 வோல்ட்டில், இன்னொன்று பூஜ்யத்தில், நடுவில் உடல். பாதிக்குப் பாதி, 115 வோல்ட். எங்கள் லேபுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் வருஷாவருஷம் குழம்புவது இங்கேதான். மல்டிமீட்டரை கேபினெட்டில் வைத்தால் நூற்றுப் பத்து, நூற்றுப் பதினைந்து என்று காட்டும். "சார், நம்ம ஊர்ல 115 வோல்ட்டே கிடையாதே, இது எங்கேர்ந்து வந்தது?" என்று முழிப்பார்கள். ஒரு சின்ன ரெசிஸ்டரைக் குறுக்கே போட்டவுடன் அந்த 115 பொசுக்கென்று ஒன்றுமில்லாமல் போகும். அழுத்தம் இருக்கிறது, பின்னால் தெம்பு இல்லை. வழக்கமான 2.2 நானோஃபேரட் அளவை வைத்துக் கணக்குப் போட்டால் உங்கள் உடல் வழியே போகக்கூடியது சுமார் 0.16 மில்லி ஆம்பியர். சர்வீஸ் சென்டர்காரர் "நார்மல்" என்பது இதை வைத்துத்தான்.

0.16 கொஞ்சம் என்று யார் சொன்னது? சார்ல்ஸ் டால்சியல் சொன்னார். கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர். 1940களில் தொடங்கி, மனித உடம்பு எவ்வளவு கரண்டு தாங்கும் என்று மனிதர்களிடமே அளந்தவர். தானாக முன்வந்தவர்கள் ஈரக் கையால் செம்புக் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள். கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார். கையை விரித்து விடமுடியாமல் போகிற அளவு எது என்று குறித்துக்கொள்வார். 134 ஆண்கள், 28 பெண்கள். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. இருநூறில் ஒருவர் தவிர மற்ற எல்லோராலும் விடமுடிகிற அளவு என்று பார்த்தால் ஆண்களுக்கு 9, பெண்களுக்கு 6. பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கரண்டு உறைக்கவே சராசரியாக ஒரு மில்லி ஆம்பியர் பக்கம் வேண்டும்.

ஊரில் "கரண்டு இழுத்துக்கிச்சு" என்பார்கள் இல்லையா? கரண்டு இழுப்பதில்லை. கையை மூடும் தசை, திறக்கும் தசையைவிட பலமானது. கரண்டு பாய்ந்ததும் இரண்டும் இறுக, மூடும் தசை ஜெயித்துவிடுகிறது. நம் கையே நம்மைக் கட்டிப்போடுகிறது. அதிலிருந்து நெஞ்சுக்குப் போகிற பாதையில் முப்பது மில்லி ஆம்பியரைத் தாண்டினால், எத்தனை நேரம் என்பதைப் பொறுத்து, இதயம் தாளம் தப்பலாம். 

ஆக, சுர்ருக்கும் சாவுக்கும் நடுவே நூறு மடங்குக்கு மேல் இடைவெளி. அப்படியானால் நிம்மதியாக இருக்கலாமா என்றால், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதையும் கேட்க வேண்டும். மூன்று கால் பிளக் வைத்த லேப்டாப்பில் சுர்ர் வருகிறது என்றால் உங்கள் சுவரில் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒன்றுமில்லை என்று அர்த்தம். அதே ஓட்டையை நம்பித்தான் ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் பாத்ரூம் ஹீட்டரும் இருக்கின்றன.

அந்த மூன்றாவது காலுக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1911-லேயே லண்டனில் லண்ட்பர்க் கம்பெனி எர்த்தோடு கூடிய மூன்று கால் பிளக்கை விற்றது. கிட்டத்தட்ட இன்று நம் வீட்டில் இருப்பது போலவேதான். 1934-ல் அது பி.எஸ். 546 என்று பிரிட்டிஷ் தரமாயிற்று. பிறகு அவர்களே 1947-ல் வேறு பிளக் கண்டுபிடித்து, சதுரக் கால், உள்ளே ஃப்யூஸ் என்று போய்விட்டார்கள். (அந்த வருஷம் நம்மை விட்டும் போனார்கள். பிளக்கை மட்டும் நம்மிடம் வைத்துவிட்டு!) ஐந்து ஆம்பியர், பதினைந்து ஆம்பியர் என்று இருந்தவை நம் ஐ.எஸ். 1293-ல் ஆறு, பதினாறு ஆயின. எர்த் கால் ஏன் நீளம் என்றால், உள்ளே போகும்போது அது முதலில் தொட்டு, வெளியே வரும்போது கடைசியில் விடவேண்டும். தடிமன் ஏன் என்றால், தப்பித்தவறிக்கூட அது மற்ற ஓட்டையில் நுழையக்கூடாது. இத்தனை யோசித்துச் செய்த காலை, பழைய வீட்டில் இரண்டு ஓட்டைதான் இருக்கிறது என்று நம்மவர்கள் பிளையரால் பிடுங்கி எறிவதையும் பார்த்திருக்கிறேன்.

காலுக்குப் பின்னால் வயர் இருப்பது மட்டும் போதுமா? 2009 ஜூன், மழை பிடித்துக்கொண்ட வாரம். பிம்ப்ரி பக்கம் வாடகை வீட்டில் இருந்த திருநெல்வேலி அண்ணாச்சி போன் செய்தார். "ஏ தம்பி, எங்க வீட்ல மட்டும் கரண்டு இல்ல. ஆனா ஃப்ரிட்ஜ் கைல குத்துதுங்கா உங்க மதினி. கரண்டே இல்லாம எப்படிவே குத்தும்?" எதையும் தொடாதீர்கள், மெயினை இறக்குங்கள் என்று சொல்லிவிட்டு ஓடினேன். போர்டைக் கழற்றிப் பார்த்தால், ஃப்ரிட்ஜ் பிளக் பாயிண்டுக்குள் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வயர். கட்டடத்தில் எர்த் கம்பி இழுக்காமல், யாரோ நியூட்ரலையே எர்த் ஓட்டைக்கு முடிச்சுப் போட்டிருந்தார்கள். சோதித்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே காட்டும். சுர்ர் கூட வராது.

வெளியே மீட்டர் பக்கம் நியூட்ரல் கழன்றால்தான் தெரியும். ஃபேஸிலிருந்து ஃபேன் வழியாக, லைட் வழியாக வந்த கரண்டு, திரும்பிப் போக வழியில்லாமல் அந்தத் துண்டு வயர் வழியாக ஃப்ரிட்ஜ் கதவில் வந்து நிற்கும். விளக்கு எரியாது, ஃபேன் சுற்றாது, வீட்டில் கரண்டே இல்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, கதவில் மட்டும் முழு 230 வோல்ட். மதினி மூட்டுவலிக்காக வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்பு போடுகிறவர். அன்றும் போட்டிருந்தார். வயரிங் பார்க்கிற ஆளைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, சிரித்துக்கொண்டே "குச் நஹி ஹோகா சாப்" என்றார். ஒன்றும் ஆகாதாம். அண்ணாச்சி அதற்குத் திருநெல்வேலித் தமிழில் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

டெஸ்டர் வைத்துப் பார்த்தோமே என்பீர்கள். அதற்குள் இருக்கும் நியான் குமிழ், ஜெனரல் எலக்ட்ரிக்கில் டேனியல் மூர் என்பவர் 1917-ல் செய்த குட்டி விளக்கின் வாரிசு. துளியூண்டு கரண்டிலேயே எரியும் என்பதுதான் அதன் பெருமை. ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியாக, உங்கள் உடம்பு வழியாகத் தரைக்குப் போகிற துளி. அதே பெருமைதான் இங்கே தொல்லை. லேப்டாப்பின் தெம்பில்லாத 115-க்கும் அது எரியும், ஃப்ரிட்ஜ் கதவின் ஆளைக் கொல்லும் 230-க்கும் எரியும். கொஞ்சம் மங்கல், கொஞ்சம் பிரகாசம், அவ்வளவே வித்தியாசம். பிளாஸ்டிக் ஸ்டூலில் நின்றுகொண்டு பார்த்தால் நிஜமான ஃபேஸுக்கே எரியாமலும் போகலாம். டெஸ்டர் எரிந்தால் ஜாக்கிரதை என்று எடுத்துக்கொள்ளுங்கள். எரியவில்லை என்பதை வைத்து எதையும் தொடாதீர்கள்.

நல்ல எர்த் இருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. உப்பும் கரியும் போட்டுக் குழாயை இறக்கியிருக்கிறார்கள், ஆனால் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, மண் காய்ந்து 20 ஓம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஹீட்டருக்குள் வயர் அறுந்து உடம்பில் பட்டால் போகும் கரண்டு 230-ஐ 20-ஆல் வகுத்தால் சுமார் 11 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது சாப்பாட்டு நேரத்துச் சிற்றுண்டி. விழவே விழாது. ஹீட்டர் உடம்பில் ஏறக்குறைய முழு அழுத்தமும் நிற்கும். எம்.சி.பி. வயரைக் காப்பாற்றப் பிறந்தது, உங்களைக் காப்பாற்ற இல்லை.

அதற்கென்று பிறந்த சாதனத்தின் வேர் ஒன்று தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. 1950களில் தங்கச் சுரங்கங்களுக்காக ஹென்றி ரூபின் என்ற பொறியாளர் அதில் வேலை செய்தார். அமெரிக்காவில் நம் டால்சியலேதான். நீச்சல் குளத்தில் தண்ணீருக்கடியில் எரியும் விளக்குகளால் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். விடமுடிகிற கரண்டு எது என்று அளந்து வைத்திருந்தவர், அதற்குள் அறுத்துவிடும் கருவியையும் 1960களில் செய்தார். 1968-ல் குளத்து விளக்குகளுக்கு அமெரிக்க விதி அதைக் கட்டாயமாக்கியது. அங்கே இன்றும் அது சுமார் 5 மில்லி ஆம்பியரில் அறுக்கிறது, பெண்களுக்கு அவர் அளந்த அந்த 6-க்குக் கீழே. ஐரோப்பாவிலும் நம் வீடுகளிலும் 30 என்று வைத்திருக்கிறோம்.

வேலை செய்யும் விதம் நம் மளிகைக்கடைத் தராசுதான். ஃபேஸும் நியூட்ரலும் ஒரே இரும்பு வளையத்துக்குள் நுழைந்து போகின்றன. போனதும் வந்ததும் சமமாக இருந்தால் வளையம் சும்மா இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வழிதவறி உங்கள் உடம்பு வழியாகத் தரைக்குப் போனால் கணக்கு உதைக்கும், நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் இணைப்பு அறுந்துவிடும். 150 போனால் நாற்பது மில்லி செகண்டில். இதற்கு எர்த் வயர்கூடத் தேவையில்லை என்பதால், பழைய வாடகை வீட்டில் சுவரை உடைக்க முடியாதவர்களுக்கு இதுதான் முதல் வழி. ஒரு கையால் ஃபேஸையும் இன்னொரு கையால் நியூட்ரலையும் பிடித்தால் மட்டும் காப்பாற்றாது. அதற்கு நீங்களும் ஒரு பல்ப் என்றே படும்.

நம் நாட்டில் 1956-ஆம் வருஷ மின்சார விதிகளில், 1980களில் 61ஏ என்று ஒன்றைச் சேர்த்து இதைக் கட்டாயமாக்கினார்கள். ஆனால் 5 கிலோவாட்டுக்குக் கீழே உள்ள வீட்டு இணைப்புகளுக்கு விலக்கு. வேலைக்காக வெளியூர் வந்து ஒரு பெட்ரூம் வீட்டில் குடியிருந்தவர்கள் எந்தப் பக்கம் விழுந்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த விதிகள் போய் 2010-ல் மத்திய மின்சார ஆணையத்தின் ஒழுங்குமுறைகள் வந்துவிட்டன. பழைய கட்டடங்களின் போர்டுகள் மட்டும் பழைய காலத்திலேயே நிற்கின்றன.

இந்த ஞாயிற்றுக்கிழமை மெயின் போர்டைத் திறந்து பாருங்கள். மற்றவற்றைவிட அகலமான ஒன்று, மேலே 'டி' என்று எழுதிய சின்னப் பட்டனோடு, முகப்பில் 30 எம்.ஏ. அல்லது 0.03 ஏ என்று போட்டு இருக்கிறதா? கடைக்காரரும் எலக்ட்ரீஷியனும் அதை ஈ.எல்.சி.பி. என்பார்கள், சரியான பெயர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் வீட்டு ஓனரிடம் பேசுங்கள். ஒத்துவரவில்லை என்றால் உங்கள் செலவில் போட்டுக்கொண்டு, காலி செய்யும்போது கழற்றி எடுத்துப் போங்கள், நான் அப்படித்தான் செய்திருக்கிறேன். லைசென்ஸ் உள்ள ஆளை வைத்து மாட்டுங்கள். அப்படியே பிளக் பாயிண்டுகளைத் திறந்து, நியூட்ரல்-எர்த் துண்டு வயர் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

இருந்தால், மாதம் ஒருமுறை அந்தப் பட்டனை அழுத்துங்கள். உள்ளே ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கொஞ்சம் கரண்டை வளையத்துக்கு வெளியே சுற்றிவிட்டு, வேண்டுமென்றே கணக்கைத் தப்பவைக்கும் பட்டன் அது. டக்கென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் மறுநாளே ஆளைக் கூப்பிடுங்கள். விழுந்தால் மறுபடி ஏற்றிவிட்டு ஃப்ரிட்ஜ் ஓடுகிறதா என்று ஒரு தடவை பாருங்கள். உள்ளே திங்கட்கிழமைக்கு அரைத்து வைத்த மாவு இருக்கும்.